தானாக அழியும் கடிதம்

பழக்கிடங்கு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் எழுத்தராக இருந்தவளுக்கு ‘வடிகட்டி’ என்று பெயர் விழுந்தது ஒரே மாதத்தில். பெயரை வைத்தவர் கட்டு மேஸ்திரி. பழங்களைப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டும் முப்பது பேரைத் தலைமேல் நின்று வேலை வாங்குகிறவர். யாரையும் பெற்றோர் வைத்த பெயரால் அவர் கூப்பிட்டதே இல்லை. மேலாளர் அவருக்குக் ‘கடிகாரம்’. மெக்கானிக் ‘கிரீஸ்’. அந்த மெக்கானிக் இவளுடைய உடன்பிறந்த தம்பி. அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்து, இதே கிடங்கில் வேலையும் வாங்கிக் கொடுத்தவள் இவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் கீழே, இவள் மாடியில்.

புது மேலாளர் வந்த வாரம், அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இயந்திரங்கள் அனுப்பியவற்றை விட்டாலும், படிக்காமல் கிடந்தவை நாற்பத்தோராயிரம். வருடக்கணக்கான விளம்பரங்கள், எவனோ அனுப்பிய பரிசுச் செய்திகள், அட்டைப்பெட்டிக் கம்பெனிகளின் விலைப்பட்டியல்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வாடிக்கையாளரின் கடிதம் இரண்டு வாரமாக மூச்சுத் திணறிக் கிடந்தது. ஒரு மாதத்துக்குள் இதைச் சுத்தமாக்க முடியுமா என்று அவர் கேட்டார். முடியும் என்றாள்.

அவளுக்கு அதில் ஒரு வெறி என்றே சொல்லலாம். வீட்டில் கரண்டி இடம் மாறினாலே தூக்கம் வராதவள். தாங்களே எப்போதோ பதிவு செய்திருந்த கம்பெனிகளுக்கு மட்டும் ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்ற இணைப்பை அழுத்தினாள். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பியதில் அந்த இணைப்பைத் தொடவே மாட்டாள். தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி. அவற்றையெல்லாம் ‘ஸ்பேம்’ என்று குறித்துத் தள்ளினாள். ஒருமுறை தள்ளினால் போதும். அதே ஆள் அடுத்த முறை அனுப்பினால் நேராகக் குப்பைக்குப் போய்விடும். குப்பையில் கிடப்பது முப்பது நாளில் தானாக அழியும்.

கடைசியாக மிஞ்சியவை இயந்திரங்களின் மின்னஞ்சல்கள். அவைதான் உண்மையான தலைவலி.

அந்தக் கிடங்கில் பன்னிரண்டு அறைகள். பழத்தை உள்ளே வைத்து, கதவைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளிருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பிவிடுவார்கள். பழம் பழுக்காமல் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ‘பழம் தூங்குது’ என்பார்கள் அங்கே. ஆனால் அந்த அறைக்குள் மனிதன் போனால் இரண்டு மூச்சுக்கு மேல் தாங்கமாட்டான். வாடை இருக்காது, நெஞ்சு எரியாது, இருமல் வராது. போகிறவனுக்குப் போகிறோம் என்றே தெரியாது. அதனால் அறைகளுக்குப் பின்னாலிருக்கும் நடைவழியில் சென்சார் பெட்டிகளை மாட்டியிருந்தார்கள். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் ஊளையிடும், அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பும். குறையாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘எல்லாம் சரி’ என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் ‘எல்லாம் சரி’.

தம்பியிடம் சொன்னாள். அவன் அரை மணி நேரத்தில் பெட்டிகளின் அமைப்பை மாற்றி, ஏதாவது கோளாறு என்றால் மட்டும் அனுப்பும்படி செய்துவிட்டான்.

மறுநாள் காலை மின்னஞ்சலைத் திறந்தபோது மொத்தம் ஒன்பது கடிதங்கள் இருந்தன. ஒன்பதும் மனிதர்கள் எழுதியவை. மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். மேஸ்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “வடிகட்டியம்மா, எங்க வீட்டுக்காரிக்கும் இதைக் கொஞ்சம் கத்துக்கொடு. என் காதுக்கு வர்றதுல பாதி குறையும்” என்றார். அறையே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

இரண்டு வாரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. அப்புறம் ஒரு நாள் அவளுக்கு உறைத்தது. இயந்திரங்களிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. முன்பெல்லாம் மழைநாளில் ஒன்றிரண்டு பொய் எச்சரிக்கையாவது வரும். இப்போது மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது, ஒன்றும் வரவில்லை. வேலை நடுவே எழுந்துபோய் நடைவழிக் கதவின் மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுநாளும் போய்ப் பார்த்தாள். பச்சைதான்.

மூன்றாவது நாள் மேலாளரிடம் கேட்டேவிட்டாள். “ஒண்ணுமே வரலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா சார், இல்ல அதுவே செத்துப்போச்சுன்னு அர்த்தமா?”

அவர் பேனாவை மூடி வைத்துச் சிரித்தார். “மெயில் வந்தாலும் குறை, வராட்டாலும் குறையா மேடம்?”

தம்பி அப்படிச் சிரிக்கவில்லை. தினமும் காலையில் ஒரே ஒரு ‘உயிரோடு இருக்கிறேன்’ மட்டும் அனுப்பும்படி வைக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, நியாயம்தான் என்றான். கையில் வைத்துப் பார்க்கும் மீட்டரால் எல்லாவற்றையும் சோதிக்கவும் வேண்டும், வியாழக்கிழமை இயந்திரங்களை நிறுத்தும்போது சேர்த்துச் செய்துவிடுகிறேன் என்றான். அன்று திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஏற்றுமதிப் பட்டியலில் கையெழுத்து வாங்க மேஸ்திரியைத் தேடிக்கொண்டு போனாள். ஏழாம் அறைக்குப் பின்னால் அட்டை எடுக்கப் போனார் என்றார்கள். நடைவழிக் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தாள். மேஸ்திரி அட்டைக் கட்டுகளில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கை மடியில் கிடந்தது. ஏதோ விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணாடியைத் தட்டினாள். அவர் திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். அவருடைய கண் திறந்தே இருந்தது.

தலையை உயர்த்திப் பார்த்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தவன் தம்பி. கண்ணாடியில் பார்த்த அடுத்த நொடி கதவைத் திறந்துவிட்டான். அவள் அவனுடைய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“விடுக்கா. மூச்சை அடக்கிட்டு ஓடி இழுத்துட்டு வந்துடறேன். பத்தே அடி.”

“போகாத.”

“அக்கா, கண்ணு முன்னாடி கிடக்கிறாரு.”

“நீயும் அங்கதான் கிடப்ப. போய் மாஸ்க்கை எடுத்துட்டு வா.”

அவன் உதறினான். அவள் விடவில்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் அவன் இயந்திரக் கொட்டகைக்கு ஓடினான். முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் அங்கேதான் இருந்தன. கதவை அகலத் திறந்து முட்டுக் கொடுத்துவிட்டு, ஓடி வந்த மற்றவர்களை ஒதுக்கி நிறுத்தி, அவள் வாசலுக்கு வெளியே நின்றாள். பத்தே அடி. மேஸ்திரி சட்டைப்பையில் செருகியிருந்த பென்சில்கூடத் தெளிவாகத் தெரிந்தது. தம்பி சிலிண்டரோடு திரும்பி வர ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவரைத் தனியாக விட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

எப்போது உயிர் போனது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. முதல் நிமிடத்திலேயே போயிருக்கலாம், கடைசியிலும் போயிருக்கலாம். தம்பி அந்தக் ‘கடைசியிலும்’ என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டான். அன்று முதல் அவள் முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை.

மறுநாளே தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ஏழாம் அறையின் ரப்பர் விளிம்பு கிழிந்து நைட்ரஜன் நடைவழிக்குக் கசிந்திருந்தது. பெட்டிக்குள் காற்றை உணரும் செல் ஆயுள் முடிந்து செத்துப்போய், கடைசியாகப் பார்த்த நல்ல அளவையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. செல்லை மாற்றச் சொல்லித் தயாரித்த கம்பெனி எதுவும் எழுதவில்லையா என்று அவர் கேட்டார். எழுதவேயில்லை என்றார் மேலாளர். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

எல்லோரும் போன பிறகு அவள் குப்பையைத் திறந்தாள். நூற்றுக்கணக்கான தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கினாள். ஏறக்குறைய அடிமட்டத்தில் அது கிடந்தது. ‘உங்கள் பாதுகாப்பு முடிவடைகிறது! இன்றே புதுப்பியுங்கள்!’ சென்சார் கம்பெனியை வேறு ஒருவர் வாங்கியிருந்தார். பெயரும் முகவரியும் மாறியிருந்தன. மேலே பளபளப்பான படம், சலுகை, வாழ்த்து. ஏழாவது வரியில், நடைவழிப் பெட்டியின் எண்ணும் செல்லின் கடைசித் தேதியும். இது மூன்றாவது, இறுதி நினைவூட்டல் என்று அடியில் எழுதியிருந்தது. முதல் இரண்டும் எப்போதோ அழிந்துபோயிருக்க வேண்டும். முதலாவதைக் குப்பை என்று குறித்தது தன் விரல்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஞாபகம்கூட இல்லை. அன்று அது நானூறில் ஒன்று.

ஓரத்தில் சின்ன எழுத்து: இந்தக் கடிதம் இன்னும் நான்கு நாளில் தானாக அழியும்.

அன்று மாலை தம்பி மாடிக்கு வந்தான். அவளே அவனிடம் சொன்னாள். அவன் எழுந்துபோய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. அழிக்கக்கூட வேணாம். நாலு நாள் சும்மா இரு, போதும். அதுவே போயிடும்.”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“மெயிலைக் கட் பண்ணினது நான். இது வெளியே வந்தா நீ மட்டும் மாட்டமாட்ட. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு.”

அந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று யாருக்கும் தெரியாது. காலையில் போய் முதல் வேலையாகக் குப்பையைத் திறப்பாள். ‘இன்னும் மூன்று நாள்’. மூடுவாள். மறுநாள் ‘இன்னும் இரண்டு நாள்’. அலுவலகம் எப்போதும்போல் நடந்தது. மேலாளர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். கட்டுகிறவர்கள் யாரும் ஒருவரையொருவர் பட்டப்பெயரில் கூப்பிடவில்லை. ஏழாம் அறைப் பக்கம் போகும்போது எல்லோரும் நடையை எட்டிப் போட்டார்கள். கீழ்வீட்டில் தம்பி மகள்கள் படிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். சும்மா இருப்பது இத்தனை சுலபமான காரியம் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு விரல்கூட அசைக்க வேண்டாம். உலகமே அவளுக்காக அதை முடித்துக் கொடுத்துவிடும்.

‘இன்னும் ஒரு நாள்’ என்று வந்த காலையில், ‘இது ஸ்பேம் அல்ல’ என்ற பொத்தானை அழுத்தினாள். கடிதம் உள்பெட்டிக்கு வந்து, வேறு எதுவுமில்லாத பட்டியலில் தனியாக நின்றது. இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றை ஆய்வாளருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, இதைக் குப்பையில் போட்டது நான், இயந்திர மின்னஞ்சலை நிறுத்தச் சொன்னதும் நான், தம்பி நான் சொன்னதைச் செய்தவன், என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அது தம்பியை முழுதாகக் காப்பாற்றவில்லை. அறிக்கை நிர்வாகத்தையும் சென்சார் கம்பெனியையும் அதிகமாகவும், அக்கா தம்பி இருவரையும் கொஞ்சமாகவும் குற்றம் சொன்னது. அவனை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவளை அலுவலகத்திலிருந்து எடுத்து, லாரிகளை எடை போடும் கூண்டுக்கு மாற்றினார்கள். கீழிருந்து சாப்பாடு வருவது நின்றது. தம்பி மனைவி மாடிப்படியில் எதிர்ப்பட்டால், “அண்ணி” என்று சொல்லி ஒதுங்கி வழிவிடுவாள்; அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. தம்பி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனபோது, போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாவது பிரதியை அவள் மேஸ்திரியின் மனைவியிடம் கொண்டுபோனாள். அந்த அம்மாள் கதவைத் திறந்து, யார் என்று கேட்டு, உள்ளே விட்டாள். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரச் சொல்லவில்லை. இவளும் உட்காரவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. நீயே படி” என்றாள் அந்த அம்மாள்.

படித்தாள். வாழ்த்தைப் படித்தாள், சலுகையைப் படித்தாள், ஆச்சரியக்குறி போட்ட வாக்கியங்களையெல்லாம் குரல் உடையாமல் படித்தாள். ஏழாவது வரிக்கு வந்ததும் தாளை இறக்கினாள். தண்ணீர் வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்கவில்லை, காத்திருந்தாள். அப்புறம் இவள் அதையும் படித்து முடித்தாள்.

“அவரைப் பத்தி எந்த வரியில இருக்கு?”

விரலை வைத்துக் காட்டினாள். அந்த அம்மாள் அந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு கீறினாள். தாளை நான்காக மடித்து, “இது என்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, இவள் வெளியே போவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.