தோற்கிறவனுக்குக் கொடுத்த லாரி

ஜெயிக்கப் போகிறவனுக்குப் பணக்காரன் பணம் கொடுப்பது யாருக்கும் புரியும். தோற்கப் போகிறவனுக்கு, அதுவும் மேடையேறித் தன்னையே திட்டுகிறவனுக்கு, எதற்குக் கொடுக்கிறான்? உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் பதினோரு வருஷம் லாரி ஓட்டினவன் நான். இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

முதலாளி கடைந்தெடுத்த கஞ்சன். மில்லில் ஒரு பல்பு போய்விட்டால் புதிது வாங்க மாட்டார், வேறு அறையில் எரிகிற பல்பைக் கழற்றி மாட்டச் சொல்வார். ஆனால் தன்னைவிடப் பெரிய மூளைக்காரன் இந்தத் தாலுகாவில் கிடையாது என்று அவருக்கு ஓர் எண்ணம். கேட்டுக்கொண்டு தலையாட்ட நாலு பேர் எப்போதும் கூட இருந்ததால் அந்த எண்ணம் கெடவே இல்லை.

இரண்டாவது பொதுத் தேர்தல் வந்தது. முதலாளியின் சம்பந்தி நின்றார். எதிரே ஒரு வக்கீல். நிலத்தை விட்டுத் துரத்தப்பட்ட குத்தகைக்காரர்களுக்கும் கூலி கிடைக்காத ஆட்களுக்கும் வழக்குப் பேசியவர். சாலவாக்கம் பக்கத்துக் கூலிக்காரத் தெருக்கள் எல்லாம் அவர் பக்கம். முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

"கூலிக்கார ஓட்ட ரெண்டா ஒடைக்கணும்டா," என்றார் என்னிடம். "உன் மாமன் நல்லா பேசுவான் இல்ல? இட்டுக்கினு வா."

மாமா என்றால் என் அக்கா புருஷன். எங்கள் தெரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாக வாத்தியார். அவர் பேசினால் ஆடு மேய்க்கிறவன்கூட ஆட்டை விட்டுவிட்டு நிற்பான். ஏரிப் புறம்போக்கையும் கோயில் நிலத்தையும் உழுகிறவனுக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும், நெல்லைப் பதுக்குகிறவனைப் பனைமரத்தில் கட்டி வைக்க வேண்டும் என்று பேசுவார். இதற்காகப் பள்ளிக்கூட மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்திருந்தார். அப்படிப்பட்டவரை முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினவன் நான்தான். அதற்காக என்னையே நான் பலநாள் காறித் துப்பியிருக்கிறேன்.

"எலெக்‌ஷன்ல நில்லு வாத்தியாரே. செலவு என்னுது," என்றார் முதலாளி.

"நான் உங்களத்தாங்க திட்டுவேன்," என்றார் மாமா.

"திட்டு. பனமரத்துல கட்டணும்னு சொல்றியாமே, அதயும் சொல்லு. அப்பதான் உன் ஜனம் நம்பும். தோத்துட்டா கவலப்படாத, மில்லுல குமாஸ்தா வேல கீது."

திரும்பி வருகிற வழியில் மாமா துள்ளிக்கொண்டு வந்தார். "பணம் அவருதா இருந்தா இன்னா மச்சான், வாய் என்னுதுதான?" என்றார். தேர்தலில் நிற்பதென்றால் வேலையை விட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாமா உட்கார்ந்து அழகான கையெழுத்தில் ராஜினாமா எழுதினார்.

அக்கா மட்டும் கத்தினாள். "வூட்டு நாய்க்கே சோறு போட யோசிக்கிற ஆளு, உனக்கு வேல போட்டுக் குடுப்பாரா? எட்டு வருஷ உத்தியோகத்த எவனாவது வுடுவானா?"

மாமாவுக்குக் காது கேட்கவில்லை. ஊர் ஊராக மேடை, மைக், எதிரே ஜனம். அதற்கு முன்னால் அக்காவின் குரல் எம்மாத்திரம்.

பணம் கொடுத்தது வெளியே தெரியக்கூடாது, காஞ்சிபுரத்தில் ஜீப் வாடகைக்கு எடுத்துக்கொள் என்றுதான் முதலாளி முதலில் சொன்னார். மறுநாளே கஞ்சத்தனம் தலைதூக்கிவிட்டது. "நம்ம லாரி சும்மாதான கீது? மில்லு பேர சாக்கு போட்டு மறைச்சுடு," என்றார். இரண்டு பக்கமும் சாக்கு கட்டினேன். அந்தச் சாக்கிலும் மில் பேர்தான் கருப்பு மையில் அச்சடித்திருந்தது. சொன்னேன். "எவன்டா படிக்கப் போறான்?" என்று சிரித்தார். மற்றவர்களைப் பற்றி அவருக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துவதெல்லாம் இல்லை. மறைப்புக்குள்ளே ஆளுக்கொரு பெட்டி, பெட்டிமேல் அவரவர் சின்னம். பிடித்தவன் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். மாமாவுக்குக் கிடைத்த சின்னம் தராசு.

எங்கள் ஜனங்கள் இருக்கிற தெருக்களில் மாமா தொண்டை கிழியப் பேசினார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். கைதட்டவில்லை. ஓர் ஏர்க்காரர் மட்டும் லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேச்சு நல்லாத்தான் கீது வாத்தியாரே. நெல்லுக்காரன் வண்டில வந்து நெல்லுக்காரன திட்றியே, அதான் இடிக்குது."

அதிசயம் எல்லாம் முதலாளியின் நிலத்தை உழுகிற குத்தகைக்காரர்கள் தெருவில்தான். மற்ற நாளில் மாமாவைத் தெருவுக்குள் செருப்போடு நடக்க விடாதவர்கள், லாரியைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். நிலத்தைப் பிரிக்க வேண்டும் என்று மாமா பேசப் பேசத் தலையாட்டினார்கள். மோர்கூடக் கொடுத்தார்கள்.

எனக்கு உறுத்தியது. "நம்ம குத்தகைக்காரங்ககிட்ட சம்பந்திக்குப் போடச் சொல்லி ஒரு வார்த்த சொல்லிடுங்க மொதலாளி," என்றேன்.

"அவனுங்களுக்குச் சொல்லணுமா? நான் இன்னா நெனைக்கிறேன்னு அவனுங்களுக்குத் தெரியும்டா."

ஓட்டு எண்ணினார்கள். வக்கீல் ஜெயித்தார். எந்த ஊர்ப் பெட்டியில் யாருக்கு விழுந்தது என்று ஏஜெண்டுகள் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து முதலாளிக்கு முகம் வெளுத்தது. எங்கள் தெருக்களில் தராசுப் பெட்டி காலி. அவருடைய குத்தகைக்காரர்கள் ஊரில் தராசுப் பெட்டி நிரம்பியிருந்தது. சம்பந்திக்கு அங்கே விழ வேண்டியது அத்தனையும் மாமாவுக்கு விழுந்திருந்தது.

பெரிய குத்தகைக்காரரைக் கூப்பிட்டு முதலாளி குதித்தார். அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "லாரி நம்முது, சாக்கு நம்முது, நெல்லு போடற தராசும் நம்முது. சம்பந்தி ஆச்சே, வெளிய சொல்லக் கூச்சப்படறீங்கன்னு நாங்களே புரிஞ்சிக்கினோம் மொதலாளி."

நான் பாய்லருக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாமாவின் ஞாபகம் வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. சொந்தத் தெரு கைவிட்டது அவருக்கு வருத்தம்தான். ஆனால் குத்தகைக்காரர்கள் தெரு மனசு மாறிவிட்டது, தன் பேச்சு அவர்களை மாற்றிவிட்டது என்று நம்பினார். நன்றி சொல்ல வேண்டும் என்று நடந்தே கிளம்பினார். எப்படித் தடுப்பது என்று தெரியாமல் நானும் கூடப் போனேன். அந்தப் பெரிய குத்தகைக்காரரின் வாசலில் நின்று கைகூப்பினார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எங்களுக்கு எதுக்குக் கும்புடு? உன்னாலதான் எங்க வூட்டுக்காரருக்கு மொதலாளிகிட்ட திட்டு. லாரியப் பார்த்துதான் போட்டோம், உன்னையா பார்த்தோம்? செருப்ப கழட்டிட்டு நில்லு."

மாமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை காலில் போடவே இல்லை.

குமாஸ்தா வேலை கேட்கப் போனபோது, "என் சம்பந்திய கவுத்தவனுக்கு வேல வேறயா?" என்றார் முதலாளி. பள்ளிக்கூடத்தில் அதற்குள் வேறு வாத்தியார் வந்துவிட்டார். அக்கா நடவுக்குப் போனாள். கடைசியில் மாமா அதே மில்லில் மூட்டை தூக்கினார். அதற்குப் பிறகு வந்த ஐந்து வருஷத்தில் அவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. மூட்டையை இறக்குவார், ஏற்றுவார், போவார்.

முதலாளிக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. சீட்டாட்டத்தில் ஒரு கை தோற்றவன் மாதிரி ஒரு வாரம் முணுமுணுத்தார், அவ்வளவுதான். பணக்காரன் தோற்கிறவனுக்கு ஏன் கொடுக்கிறான் என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: கொடுக்கிற பணம் அவனுக்குத் தவிடு. அதை வாங்குகிறவனுக்குத்தான் வாழ்க்கை போகிறது.

அடுத்த தேர்தல் வந்தது. முதலாளிக்கு வெட்கம் என்பதே கிடையாது. "உன் மாமன கூப்புடு. இந்த வாட்டி ஜீப்பே எடுத்துக்கலாம்," என்றார். மாமாவிடம் இவர் நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் கருவிக்கொண்டே போனேன். மாமா காறித் துப்புவார் என்று நிச்சயமாக நம்பினேன்.

மாமா தோளிலிருந்த மூட்டையை மெதுவாக இறக்கினார். தலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"மைக் குடுப்பாரா மச்சான்?"