போர் தண்ணீரின் கறை

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்துக் காட்டுவது வருடா வருடம் நான் செய்கிற காரியம். முதலில் தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டு நேரம் ஆக ஆக மஞ்சளாகி, செங்காவியாக அடியில் படியும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இரும்பு இல்லை என்று எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். பெரிய டீச்சர்.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில், தம்பி துபாயில் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். குளியலறை முழுக்க வெள்ளை டைல்ஸ். புதிதாகப் போட்ட போர்வெல்லின் தண்ணீர் குழாயில் பளிச்சென்று வரும். ஆனால் ஆறே மாதத்தில் தரையும் சுவரும் மஞ்சளடித்துவிட்டன. தம்பி வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வான்.

"என்னம்மா இது, தேய்க்கதே இல்லியா?"

"தெனமும் தேய்க்கியேன் மக்கா. போவமாட்டேங்கு."

அவன் என்னிடம் குறைப்பட்டான். நான் நாகர்கோவிலில் இருந்தபடியே அம்மாவிடம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். கரைந்திருக்கும் இரும்பை அது உடனே துருவாக்கிப் படியவைக்கும் என்பது பாடம் நடத்தும்போது மட்டும் எனக்கு ஞாபகம் வரும் போலிருக்கிறது. கறை முற்றியது. அம்மா ஆசிட் வாங்கினாள். ஆசிட்டில் துரு கரைந்து டைல்ஸ் வெளுக்கும். அடுத்த குளியலிலேயே மறுபடி மஞ்சள் ஏறத் தொடங்கும். மாதக்கணக்கில் வெறுங்கையால் தேய்த்திருக்கிறாள்.

ஒருநாள் போன் செய்தாள். "ரேஷன் கடையில எனக்க ரேகை விழமாட்டேங்கு மக்ளே. கார்டுல ஒனக்க பேரும் உண்டுல்லா, ஒண்ணு வாறியா?"

போனேன். கடைக்காரர் அம்மாவின் பத்து விரலையும் மெஷினில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் எடுக்கல்லியே அம்மா. கையில என்ன செஞ்சிய?"

அப்போதுதான் நான் அந்தக் கையைப் பார்த்தேன். தோல் உரிந்து விரல் நுனிகள் வழுவழுவென்று இருந்தன.

வீட்டுக்கு வந்து ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்து வைத்தேன். சாயங்காலம் அடியில் செங்காவி. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியுமே. சோறு வைக்க கொடத்துல பிடிச்சு வச்சு, மேலத் தண்ணியத்தான எடுக்கேன்."

"பின்ன எங்ககிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னேன். தண்ணியிலதான் என்னமோ கெடக்குன்னேன். சாக்கு சொல்லாதண்ணு நீதான் சொன்ன."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அம்மா பொய் சொல்கிறவள் அல்ல.

அந்த வாரமே ஃபில்டர் வைத்தோம். டைல்ஸ் வெள்ளையாகவே இருக்கிறது, தம்பிக்கும் திருப்தி. மாதாமாதம் ரேஷன் கடைக்கு அம்மாவோடு போய் நான்தான் விரல் வைக்கிறேன். முதல் தடவையிலேயே எடுத்துவிடுகிறது.