பெட்டி உடைக்காத பொம்மை

புத்தம் புதிய பொம்மையின் முகத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு முகத்தை எழுதிக் கொடுப்பது என் தொழில்; இதற்கெல்லாம் ஆட்கள் காசு கொடுப்பார்களா என்று கேட்பவர்களிடம், எனக்கும் அந்தச் சந்தேகம் ஒன்பது வருசமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

வாடிக்கையாளரைக் கதிரையில் இருத்தி அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிப் பழகிய தையல்காரருக்கும் சலூன்காரருக்கும் மணவறை சோடிப்பவருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இராது. பரந்தனில் ஒரு கராஜில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தவன் நான். கீறல் விழுந்த இடத்தில் பழைய நிறத்தையே கலந்து பூசி, கீறலே விழவில்லை என்று நம்பவைப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர். ஒருநாள் கனடாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி தான் வந்த வாடகை வானின் கதவில் விழுந்த கீறலைக் காட்டினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து அதன் கன்னத்துக் கீறலையும் காட்டினார். இரண்டையும் சரிசெய்து கொடுத்தேன். வானை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பொம்மையைப் பார்த்து அழுதார். பளையில் பிறந்தவர், பொம்மை சேர்ப்பவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கனடா அக்கா. அவர் மூலமாகத்தான் மற்ற வேலைகளும் வரத் தொடங்கின.

இவை குழந்தைகள் விளையாடுகிற பொம்மைகள் இல்லை. உலகத்துக்கே ஐந்நூறு, முந்நூறு என்று அளவாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு விற்பவை. வாங்குகிற பெரியவர்கள் அவற்றைப் பிறகு கூடிய விலைக்குக் கைமாற்றுவார்கள். பெட்டி உடைக்காததற்குத்தான் உச்ச விலை. உடைத்தால் விலை விழும். என்னைப் போன்ற ஒருவன் முகத்தை மாற்றினால் இன்னும் விழும், அல்லது எகிறும். எது நடக்கும் என்று எனக்கு ஒருநாளும் முன்கூட்டித் தெரிந்ததில்லை.

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் அப்படி ஒன்று இருந்தது. ஐந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டாவது. சண்டை நின்று பாதை திறந்த காலத்தில் ஜேர்மனியிலிருந்து வந்த மச்சான் என் மகள் நிறோஜாவுக்குக் கொண்டுவந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. "பழுதாப் போயிடும். வளந்தாப்பிறகு விளையாடலாம்" என்று சொல்லிப் பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி மேலே வைத்தேன். மூன்று தரம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. சண்டை திரும்பவும் வந்து இடம்பெயர்ந்தபோது மனைவியின் தையல் மெசினை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். இப்போது நிறோஜாவுக்கு இருபத்தொன்பது. வவுனியாவில் கணக்குப் படிப்பிக்கிறாள். பெட்டியைத் தனக்கு விற்கும்படி கனடா அக்கா ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளிடம் கேட்டேன். "உங்கட விருப்பம் அப்பா" என்றாள். அது சம்மதமா, கோபமா என்று யோசித்துக்கொண்டே இந்த ஆறு மாதமும் மற்றவர்களுடைய பொம்மைகளுக்கு முகம் எழுதினேன்.

பார்சலில் தலை

அனுபவப்பட்ட சேகரிப்பாளர்கள் பொம்மையை முழுதாக அனுப்புவதில்லை. தலையைக் கழற்றித் தலையை மட்டும் அனுப்புவார்கள். பாரம் குறையும். வேலை முடிந்து ஒன்பது தலைகளைத் திருப்பி அனுப்பத் தபால் கந்தோருக்குப் போனேன். படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை, "உள்ளுக்கு என்ன அண்ணை?" என்று கேட்டாள். "தலை" என்றேன். "எத்தினை?" என்றாள். சொன்னேன். பேனையைக் கீழே வைத்தாள்.

திறந்து காட்ட வேண்டியதாயிற்று. ஒன்பது தலைகளும் கடதாசிக்குள் இருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் எண்ணியும் பார்த்தார். "விளையாட்டுச் சாமான் எண்டு எழுதட்டோ?" என்று கேட்டாள். எனக்குப் பொய் எழுத மனம் வரவில்லை. "இதை ஆரும் விளையாடுறேல்லை பிள்ளை. விளையாடினா விலை போயிடும்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையும் தலைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப தனிப்பட்ட பாவனைக்கு எண்டு போடுறன் அண்ணை. ஒராள் ஒன்பது தலையை என்னெண்டு பாவிக்கிறது எண்டு அங்கத்தை ஆக்கள் கேக்கட்டும்."

மூடியைத் திறந்தவர்

பொம்மையின் தலைமுடி சுருண்டு நிற்க வேண்டுமென்றால், அதைச் சோடா குடிக்கும் குழாய்களில் சுற்றிக் கட்டிச் சுடுதண்ணீரில் அமிழ்த்த வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத் தோதான சட்டி குசினியில்தான் இருக்கிறது. ஒருநாள் பக்கத்து வீட்டு மலர் அக்கா கொஞ்சம் புளி வாங்க வந்தவர், மனைவியோடு கதைத்துக்கொண்டே பழக்கதோசத்தில் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நான்கு தலைகள் மல்லாந்து மிதந்தன. மலர் அக்கா மூடியை மெதுவாகப் பழையபடி வைத்தார். "சொதிக்கோ குழம்புக்கோ தங்கச்சி? பரவாயில்லை, நான் பின்னேரம் வாறன்."

தண்ணீர் வந்த நாள்

வட்டக்கச்சியிலிருந்து ஒரு கமக்காரர் வந்தார். சுவிஸில் இருக்கும் அவருடைய தங்கை இலக்கம் போட்ட ஒரு பொம்மையை அனுப்பி, அதைக் காலமான தங்கள் தாயாரைப் போல மாற்றச் சொல்லியிருந்தார். தாயாரின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணன் பக்கத்தில் இருந்து வாயால் சொல்ல நான் எழுத வேண்டும். இரண்டு நாள் வயலை விட்டுவிட்டு வந்து என் முழங்கையோடு முட்டிக்கொண்டு இருந்தார்.

"சிரிக்க வேண்டாம் அண்ணை. அம்மா சிரிச்சு நான் காணேல்லை" என்றார். சிரிப்பை அழித்தேன். "அய்யோ, இவ்வளவு கோவமும் வேண்டாம். இது வாய்க்காலில தண்ணி வராத நாள் முகம். எனக்குத் தண்ணி வந்த நாள் முகம் வேணும்" என்றார். தண்ணீர் வந்த நாள் சிரிப்பாரா என்று கேட்டேன். "சிரிக்கமாட்டா. ஆனா இப்பிடி இருக்கமாட்டா" என்றார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த முகத்தைப் பதினொரு தரம் எழுதி அழித்தேன். பன்னிரண்டாம் தரம் அவர் கட்டியிருந்த சாரத்தின் முனையால் கண்ணைத் துடைத்தார். முன்பின் பார்த்திராத ஒரு மனுசியை அவருடைய மகன் முன்னால் கொண்டுவந்து நிறுத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே, அந்தத் தலையை நீளக்காலும் என் பெருவிரல் பருமன் இடுப்பும் கொண்ட உடம்பில் பூட்டிக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முகம் அம்மாவேதான். இடுப்புத்தான் வேற ஆரின்ரையோ. அது பரவாயில்லை அண்ணை, சுவிசுக்குப் போனா ஆரும் மெலிவினம்தானே."

நானாவின் மேல்தட்டு

முடி நடுகிற ஊசியும் பட்டுநூலும் வாங்க வவுனியாவில் ஒரு பான்சிக் கடைக்குப் போவேன். கடைக்காரர் முஸ்லிம்; எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். முல்லைத்தீவிலிருந்து போய், வருசக்கணக்காக வேறு ஊர்களில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். பெட்டி உடைக்காத பொம்மைக்கு ஏன் விலை கூட என்று ஒருநாள் அவருக்கு விளக்கினேன்.

"வாங்கினவர் தொறந்து பாக்கவே மாட்டாரா?" என்றார். இல்லை என்றேன். "புள்ளைகளுக்கும் குடுக்க மாட்டாரா?" என்றார். எங்கள் வீட்டு அலுமாரி ஞாபகம் வந்தது. "இல்லை நானா" என்றேன். "எத்தின வருசத்துக்கு?" என்றார். "இருபது. அதுக்கு மேலயும்" என்றேன். நானா திரும்பித் தன் கடையின் மேல்தட்டைப் பார்த்தார். கைதட்டுகிற குரங்கு, நிறம் மாறுகிற விளக்கு, பாட்டுப் பாடுகிற பூச்சாடி, எல்லாம் பெட்டியோடு தூசு பிடித்துக் கிடந்தன. "இவ்வளவு நாளும் யாவாரம் படுத்துப் போச்சு எண்டு கவலப்பட்டேன். நான் செஞ்சது சேகரிப்பு எண்டு ஒருத்தரும் சொல்லலியே."

புருவத்துக்கு நடுவில்

லண்டனிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். அவர் கேட்டது சிரித்த முகத்தோடு ஒரு மணப்பெண். "வேலை நல்லாத்தான் இருக்கு அண்ணை. ஆனா அவா ஏதோ யோசிச்சுக்கொண்டிருக்கிறா" என்றார். நான் செய்த பொம்மைகளின் படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பிப் பார்த்தேன். மணப்பெண், ராணி, நீச்சல் உடுப்போடு ஒருத்தி, எல்லோருக்கும் புருவங்களுக்கு நடுவில் மெல்லிசாக ஒரு கோடு. அதை நான் தெரிந்து போடவில்லை. ஒன்பது வருசமாகக் கை தன்பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

வெட்கமாக இருந்தது. அடுத்த மூன்று தலைகளுக்குக் கோடு விழாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். அதற்குள் அந்த லண்டன் தம்பி தன் மணப்பெண்ணை வாங்கிய விலையின் மூன்று மடங்குக்கு விற்றுவிட்டார். கோடு இல்லாத மூன்று தலைகளும் திரும்பி வந்தன, கோடு போட்டுத் தரும்படி. "அந்த யோசினைக்குத்தான் தம்பி விலை" என்று கனடா அக்கா குரல் செய்தி அனுப்பியிருந்தார். அதைச் சத்தமாகப் போட்டு மனைவிக்குக் கேட்கவைத்தேன், பெருமையாகத்தான். "உங்களுக்கு நித்திரை வராததையும் காசு குடுத்து வாங்க ஆக்கள் இருக்கினமோ?"

ஆறாவது பக்கம்

கடைசியில் விற்பதென்று முடிவெடுத்தேன். அலுமாரிக்கு மேல் இருப்பது பொம்மையா, என் பிழையா என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆறு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கோ தம்பி. ஒரு மூலையும் நசிஞ்சிருக்கக் கூடாது" என்றார் கனடா அக்கா. இருபது வருசத்துக்கு மேலாகச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றினேன். மற்றவர்களின் பொம்மையில் ஒரு முடி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிற நான், என் வீட்டுப் பெட்டியைப் பொலித்தீனோடு தூசு தட்டியதோடு சரி. ஐந்து பக்கம் எடுத்தாயிற்று. முன்பக்கத்துக் கண்ணாடித்தாளுக்குள் பொம்மை வந்த நாளில் சிரித்தபடியே சிரித்துக்கொண்டு நின்றது. ஆறாவது, அடிப்பக்கம். அங்கே தொழிற்சாலை ஒட்டிய நாடாவைக் காணவில்லை. மூடியின் விளிம்பெல்லாம் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சோறு.

குசினிக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "பசைக்குச் சோறு ஆர் குடுத்தது எண்டு நினைக்கிறியள்?" என்றாள். "அப்ப உம்மட மெசினை விட்டிட்டு நான் இதைத் தூக்கேக்க ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அதிலயே குந்தியிருந்து யோசிக்கத் தொடங்கியிருப்பியள். அது எழும்பி நடக்க வேண்டிய நேரம்" என்றாள்.

சனிக்கிழமை நிறோஜா வந்தாள். பெட்டியைக் கவிழ்த்து அடிமூடியை அவள் திறந்த பழக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொம்மையை உருவி எடுத்துத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடித்தாள் வழியாகத் தெரிகிற பக்கத்தில் ஒரு தூசு இல்லை. முதுகுப் பக்கம் வேறு கதை. கிழிந்த சட்டை பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. பின்தலையில் முடி ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. நறுக்கிய இடத்தில் நீலப் பேனையால் ஒரு முகம். வட்டக் கண் இரண்டு, தடித்த மீசை, புருவங்களுக்கு நடுவில் ஒரு கோடு. "நீங்கள் கராஜுக்குப் போனாப்பிறகு பொலித்தீனைக் கழட்டி எடுப்பன், திருப்பிச் சுத்தி வைப்பன். முன்னுக்கு ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் முன்னுக்குத்தானே பாப்பியள்" என்றாள்.

என் கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. பேனை மை ஊறிய இடத்தில் முகப்பருவுக்குப் பூசுகிற கிறீமைத் தடவி வெயிலில் வைத்தால் மூன்று நாளில் போகும். கிளிநொச்சி வெயிலுக்கு இரண்டு நாள் போதும். முடியைத் திரும்ப நட ஒரு கிழமை. ஒட்டுகிற நாடாவும் என்னிடம் இருக்கிறது. கீறலே விழவில்லை என்று நம்பவைப்பதுதானே நான் படித்த தொழில். கிறீமின் மூடியைத் திறந்தும்விட்டேன். நிறோஜா தடுக்கவில்லை. "உங்கட விருப்பம் அப்பா" என்றாள், ஆறு மாதத்துக்கு முதல் சொன்ன அதே குரலில். இந்தமுறை அது சம்மதமில்லை என்று எனக்குத் தெரிந்தது. கிறீமை மூடி வைத்தேன். பிறகு, தெரிந்துகொண்டே, அந்த மீசையைக் காட்டி இது ஆர் என்று கேட்டேன். "நீங்கள்தான். விளையாட வேண்டாம் எண்டு சொல்ல ஒராள் பக்கத்தில இல்லாட்டி விளையாட்டு ருசிக்காதெல்லே அப்பா."

பொம்மை நிறோஜாவின் கைப்பையில் வவுனியாவுக்குப் போய்விட்டது, வெறும் பெட்டிக்கும் விலை இருக்கிறதென்று கனடா அக்கா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார், இருபது வருசத்துக்கு மேலாக நான் காவல் காத்தது முன்பக்கத்தை மட்டும்.