மூன்ஸ்டரில் ம் கொட்டியவர்கள்

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து நான் புறப்பட்ட அன்று, என் மனைவி பிறப்புச் சாட்சிப்பத்திரம், படித்த சாட்சிப்பத்திரங்கள், தடித்த கம்பளிச் சட்டை ஒன்று என எல்லாவற்றையும் பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்தாள். அவள் தேத்தண்ணீர் போடப் போன நேரம் பார்த்து, நான் கம்பளிச் சட்டையை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் மந்திரவாதிக் கதைப் புத்தகங்களை அடைத்தேன். கம்பளியை எங்கும் வாங்கலாம், மண்டையோட்டு மாலை போட்ட மந்திரவாதியை அட்டைப்படத்தில் கொண்ட நாவலை ஜெர்மனியில் யார் தருவார்கள் என்பது என் கணிப்பு. கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்கு பெர்லினுக்கு ரயிலேறி, அரைக்கைச் சட்டையோடு பனித்தூறலில் நின்றேன். கணிப்பில் பாதி சரி. நாவலை ஒருவரும் தரவில்லை. கம்பளியையும் ஒருவரும் தரவில்லை.

அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு, 1987 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அதே புத்தகங்களின் உயிரைக் காப்பாற்ற நான் மூன்ஸ்டருக்குப் போனேன். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் அகதி விடுதி ஸோஸ்ட் நகருக்கு வெளியே இருந்தது. வேலை செய்ய அனுமதியில்லை. வழக்கு முடியும்வரை காத்திருப்பதுதான் வேலை. ஆகவே வாசித்தோம். என் புத்தகங்களோடு மற்றவர்கள் கொண்டுவந்தவையும் சேர்ந்தன: வாரப் பத்திரிகைகளில் வந்த பேய்த் தொடர்களைக் கிழித்துத் தைத்த கட்டுகள், சித்தர் கதைகள், குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் ஞானக் கதைகள். தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, வந்த பெட்டிகளைத் தாழ்வாரத்தில் அடுக்கி அவற்றை வைத்திருந்தோம். ஒருநாள் விடுதிப் பொறுப்பாளர் வந்து, தாழ்வாரத்தில் கடதாசி இருப்பது தீப்பாதுகாப்புக்கு விரோதம் என்றார். மாத முடிவுக்குள் அகற்றாவிட்டால் எல்லாம் பழைய கடதாசித் தொட்டிக்குள் போகும் என்றும் சொன்னார். அறைகளுக்குள் வைக்க இடமில்லை. ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆளுக்கு ஒரு கட்டிலும் அரை அலுமாரியும்.

அந்த நேரத்தில்தான் பழைய உடுப்புகள் கொண்டுவந்து கொடுக்க கெர்டா வந்தார். மூன்ஸ்டரில் மறைஞானப் புத்தகக் கடை வைத்திருப்பவர். உடுப்பு மூட்டையைப் போட்டுவிட்டு மண்டையோட்டு அட்டைகளின் முன்னால் அப்படியே குந்திவிட்டார். தன் கடையில் சனிக்கிழமைகளில் ஒரு வாசகர் வட்டம் கூடுகிறது, அங்கே வந்து ஒரு கதை சொல்லுங்கள், வட்டத்தினருக்குப் பிடித்தால் கடையில் தமிழுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கலாம், யார் வேண்டுமானாலும் வந்து இரவல் வாங்கிப் போகலாம் என்றார். முடிவை அவர் தனியாக எடுக்க முடியாதாம். வட்டம் கை உயர்த்தித்தான் தீர்மானிக்குமாம்.

கதை சொல்ல நான், மொழிபெயர்க்கப் புனிதமக்கா. யாழ்ப்பாணத்தில் வங்கியில் காசாளராக இருந்தவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். விடுதியில் ஜெர்மன் வகுப்புக்கு ஒழுங்காகப் போனவர் அவர் ஒருவர்தான். இந்தப் புத்தகங்களை என்னைவிட அதிகம் வாசித்தவரும் அவர்தான். என் நரைத்த தலையைப் பார்த்தபடியே என்னைத் "தம்பி" என்பார்.

மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கு எங்களுக்கு அனுமதி வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது நாளும் நேரமும் குறித்த சந்திப்பு, எடுத்துப் போனோம். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார் அலுவலர். பேய்க்கதை சொல்ல என்று அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார். அலுவலர் பேனையைக் கீழே வைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு "கலாசார நிகழ்ச்சி" என்று எழுதி முத்திரை குத்தினார்.

"பேய் எண்டும் சேர்த்து எழுதச் சொல்லட்டோ?" என்று அக்கா என்னிடம் தமிழில் கேட்டார். வேண்டாம் என்றேன். பேய்க்கும் அனுமதி கேட்பார்கள்.

காலை ஒன்பது மணியளவில் ஸோஸ்டில் ரயிலேறி ஹம் நகரில் வேறு ரயிலுக்கு மாறினோம். ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் தூரம். போக வர ஆளுக்கு இருபத்துநான்கு மார்க். விடுதியில் எல்லோரும் சேர்ந்து போட்ட காசு. வழியெல்லாம் உழுத வயல்கள், சிவப்பு ஓட்டு வீடுகள், நனைந்த மாடுகள். ரயிலில் சீட்டுப் பார்க்க வந்தவர் என் மடியிலிருந்த மண்டையோட்டு நாவலைக் கண்டு தயங்கினார். அக்கா "சமயம்" என்றார். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

கெர்டாவின் கடை பேராலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் ஊதுபத்தி மணம். அந்த மணம் வந்தால் எனக்குக் கால் தானாகச் செருப்பைக் கழற்றும். சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையில் ஓட்டை. என்னைப் பார்த்து, இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தோ என்னவோ, இன்னும் நாலு பேர் கழற்றினார்கள்.

கூட்டத்துக்கு முன்னர் தட்டுகளைப் பார்த்தேன். எகிப்துக்கு ஒரு தட்டு, திபெத்துக்கு ஒன்று, பேய் வீடுகளுக்கு ஒன்று. அக்கா பின்னட்டைகளை வாசித்துச் சொல்லச் சொல்ல, சில புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது. இறந்த கணவன் மணிக்கூட்டைச் சரிப்படுத்த மட்டும் திரும்பி வரும் ஒரு கதை, எங்களூர்ப் பேய்க்கதைகளுக்கு மாமன் மகன் முறை. ஆனால் இமயமலைச் சுவாமிகளின் புத்தகங்கள் என்னைச் சோதித்தன. முந்நூறு பக்கத்துக்குச் சுவாமி பேசுகிறார். அவருக்குப் பசிக்கவில்லை, சளி பிடிக்கவில்லை, எந்தச் சீடனும் அவரை மடக்கவில்லை. பேய்க்குத் திரும்பி வர ஒரு காரணம் வேண்டும், குருவுக்கு ஒருதரமாவது தோல்வி வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அந்தப் புத்தகம் எந்த நாட்டதாயினும் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசுக்குக் கம்பளிச் சட்டை வாங்குங்கள். எங்கள் தோடம்பழப் பெட்டிகளில் இருப்பவை, அட்டை எவ்வளவு கேவலமாயிருந்தாலும், பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறும் என்ற கர்வம் அங்கே எனக்கு வந்தது.

பதினொரு மணிக்குத் தொடங்கினோம். இருபது பேரளவில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தமிழில் ஒரு வசனம் சொல்ல, அக்கா அதை ஜெர்மனில் சொல்வதென்று ஏற்பாடு. மட்டக்களப்பில் ஒரு மந்திரவாதி, என்று ஆரம்பித்தேன். அங்கே போனால் வசியம் செய்து, ஊர் திரும்ப முடியாதபடி பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் பயப்படுகிற ஊர் அது என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த மந்திரவாதி ஒரு பேயைப் பிடித்துச் செம்புக்குள் அடைத்து, வாயைத் துணியால் கட்டி, வீட்டு மூலையில் வைத்தான். அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தேன். வரவில்லை.

அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. எங்களிடம் கதை கேட்பவர் வசனத்துக்கு வசனம் ம் கொட்ட வேண்டும். ஆள் விழித்திருக்கிறார், கதைக்குள் கூடவே நடந்து வருகிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ம் வராவிட்டால் கதை அதே இடத்தில் நிற்கும். நான் வாழ்நாளில் ம் இல்லாமல் ஒரு கதையும் சொன்னதில்லை. இவர்களோ மரியாதைக்காகவே மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நிற்க, என் மௌனத்தை மதித்து அவர்கள் இன்னும் அமைதியானார்கள். அவர்கள் அமைதியாக ஆக, என் கதையும் செம்புக்குள்ளேயே கிடந்தது. கடதாசித் தொட்டி கண்ணுக்குள் வந்தது.

"ஏன் தம்பி நிண்டிட்டீர்?" என்றார் அக்கா.

"ஒருத்தரும் ம் கொட்டேல்லை அக்கா."

அக்கா காசுக் கவுண்டரில் நிற்கும் தோரணையில் எழுந்து, இவருக்குச் சுகமில்லாமல் இல்லை, நீங்கள்தான் உங்கள் வேலையைச் செய்யவில்லை என்று சபைக்கு விளக்கினார். ஒவ்வொரு வசனத்துக்கும் எப்படிக் கொட்டுவது என்று செய்தும் காட்டினார். முதலில் ஒரு தாடிக்காரர் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, மந்திரம் போல நீளமாக இழுத்தார். அப்படியில்லை, சின்னதாக, பக்கத்து வீட்டுச் செய்தி கேட்பதுபோல என்று அக்கா திருத்தினார். மூன்றாம் வசனத்தில் அறை முழுக்க ம் என்றது.

அதன் பிறகு கதை தானாக ஓடியது. மந்திரவாதி செம்பைக் காவல் காத்தான். ம். கலியாண வீட்டுக்குப் போகவில்லை. ம். தாயின் செத்தவீட்டுக்கும் போகவில்லை. செம்பைத் தனியே விடப் பயம். ம், என்றபடி ஒரு பாட்டி என் சித்தியைப் போலவே உச்சுக்கொட்டினார். கிழவனான பிறகு ஒருநாள் செம்புக்குள்ளிருந்து பேய் கேட்டது: "நான் இதுக்குள்ளை இருக்கிறன். நீ எங்கை இருக்கிறாய்?"

அந்த இடத்தில் ஒருவரும் ம் கொட்டவில்லை. எங்கே கொட்டக்கூடாது என்பதையும் அரைமணி நேரத்தில் கற்றுவிட்டார்கள். தொடர்ந்து கதையின் உட்பொருளை நான் விளக்கினேன். செம்பு எது, பேய் எது, ஆன்மா எது, பற்று எது என்று விரிவாகச் சொன்னேன். அழகாக வந்தது. அக்கா அதைச் சின்னச் சின்ன வசனங்களில் முடித்தார். ஜெர்மன் இவ்வளவு சுருக்கமான மொழியா என்று வியந்தேன். சபை ஆடாமல் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சிலருக்குக் கண் கலங்கியிருந்தது.

பிறகு கெர்டா கேட்க, கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும். தாடிக்காரர் இரண்டு கைகளையும் உயர்த்தினார், ஒன்று எண்ணப்படவில்லை. எகிப்துக்கும் பேய் வீடுகளுக்கும் நடுவில் ஒரு தட்டைக் காலிசெய்து, அங்கேயே நாங்கள் கொண்டுபோன முதல் கட்டை அடுக்கினோம். தமிழ் என்று அக்கா தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி ஒட்டினார். மீதியைக் கெர்டா வரும் கிழமை காரில் வந்து ஏற்றுவதாகச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் நான் கொஞ்சம் உயரமாக உட்கார்ந்திருந்தேன். ஊரில் எங்கள் வாசிகசாலையில் இந்தப் புத்தகங்களை மேசைக்குக் கீழேதான் வைப்பார்கள். மேலே வைக்கத் தகுந்த இலக்கியம் இல்லை என்பது செயலாளரின் கருத்து. இங்கே அவை உலகத்து மாயக்கதைகளுக்குச் சமமாக, கண்ணுக்கு நேரே நிற்கின்றன. நாடில்லாமல் வந்த எங்களுக்கு ஒரு தட்டு கிடைத்தது. அதுவும் கையேந்தி வாங்கியதல்ல, கதை சொல்லி வாங்கியது. கடைசி விளக்கத்தின்போது அந்தச் சனம் எப்படிக் கட்டுண்டு கிடந்தது பார்த்தீர்களா என்று அக்காவிடம் கேட்டேன்.

அக்கா சான்விச்சைச் சுற்றியிருந்த கடதாசியைப் பிரித்து எனக்குப் பாதி தந்தார்.

"அந்த விளக்கத்திலை ஒரு சொல்லையும் நான் சொல்லேல்லைத் தம்பி. பேய் கேட்ட கேள்வியோடை கதை முடிஞ்சுது எண்டுபோட்டு, இவர் தன்ரை பாட்டிலை கொஞ்ச நேரம் கதைப்பார், பொறுத்துக்கொள்ளுங்கோ எண்டனான். நல்ல சனம், பொறுத்ததுகள்."