பூக்காத விஸ்டீரியாவும் யோகமலரும்

யோகமலருக்கு இருந்த இடத்தில் இருக்கத் தெரியாது. தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்தால், பாதி குடிப்பதற்குள் எழும்பி யன்னலடிக்குப் போய்விடுவாள். கனடாவுக்கு வந்த முதல் பத்து வருசத்தில் ஏழு வீடு மாறியவள். அதில் நாலு, நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற். மில்லிக்கனில் சொந்த வீடு வாங்கிய பிறகும் அந்தப் பதகளிப்பு விட்டுப்போகவில்லை. ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலை அவளுக்குப் பொருந்திப்போனது அதனால்தான்.

விஸ்டீரியாக் கொடியை அவள் கண்டதும் பஸ்ஸுக்குள் இருந்துதான். காலையில் பிள்ளை ஏற்றுகிற ஒரு பழைய வீட்டு வாசலில், முறுக்கேறிய கொடி ஒன்று தூண்களைச் சுற்றி ஏறியிருந்தது. மே கடைசியில் ஊதாப் பூக்குலைகள் முழநீளத்துக்குத் தொங்கும். வேறு வீடுகளில் பிள்ளை பிந்தினால் ஹோர்ன் அடிப்பவள், அங்கே மட்டும் அடிக்கமாட்டாள்.

ஒரு இலையுதிர்காலத்தில் அந்த வீட்டுச் சீனத் தாய், அந்தக் கொடியில் காய்த்த, வெல்வெட் போல மயிர் பூத்த காய் ஒன்றை அவள் கையில் வைத்தாள். வீட்டை விற்றுவிட்டார்களாம். அடுத்த வருசம் அந்த வீட்டை இடித்தார்கள். கொடியும் மண்ணோடு லொறியில் போயிற்று.

காய்க்குள் மூன்று விதைகள் இருந்தன. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து நட்டாள். ஒன்றுதான் முளைத்தது. அது 2013.

வளர்ச்சியில் குறையில்லை. நாலாம் வருசம், ஏறவென்று வைத்த மரத்தட்டியை நெரித்து உடைத்தது. கணவர் பொன்னம்பலம் முறுமுறுத்துக்கொண்டே இரும்புக் குழாயில் பந்தல் போட்டுக் கொடுத்தார். பூ மட்டும் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலும் யோகமலர் வேலைக்குப் போகமுன் கொப்புக் கொப்பாகத் தடவிப் பார்ப்பாள். பருத்து உருண்டிருந்தால் பூமொட்டு. மெலிந்து கூராயிருந்தால் இலை. எல்லாம் இலைதான்.

"உந்தக் கொடியை வெட்டி எறியுமப்பா. நிழல் விழுந்து என்ரை புல்லுப் பழுதாகுது," என்பார் பொன்னம்பலம். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் புல்லுத்தரைதான் உலகம்.

பதினோராம் வருசம் பொறுக்கமாட்டாமல் ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனாள். அங்கே வேலை செய்த அன்புராசா முழுவதையும் கேட்டார்.

"விதையிலை வந்ததோ அக்கா? அப்ப பதினைஞ்சு வருசமும் எடுக்கும். பூக்காமலே போறதும் இருக்கு. பக்கத்திலை புல்லுக்கு உரம், பசளை எண்டு போடுறனீங்களோ?"

"என்ரை மனுசன் வருசத்துக்கு நாலு தரம் போடுவார்."

"அதுதான் இலையாத் தள்ளுது. கொடியை எப்ப வெட்டுறனீங்கள்?"

"பனிக்கு முன்னம். நல்லா ஒட்ட வெட்டுவன்."

அன்புராசா தலையில் கை வைத்தார். "அடுத்த வருசப் பூமொட்டு அந்தக் கொப்பிலைதான் அக்கா இருக்கும். ஜூலையிலை புதுத் தளிரை ஆறு இலை விட்டு வெட்டுங்கோ. குளிர் முடியேக்கை ரெண்டு மூண்டு கணு விட்டு வெட்டுங்கோ. இந்த இலையுதிர்காலம் வேரையும் சுத்திவரக் கொஞ்சம் அறுத்துவிடுங்கோ, அப்பதான் இலையை விட்டுப் பூவுக்குத் திரும்பும்."

வீட்டுக்கு வந்து பசளைக் கதையை மட்டும் சொன்னாள். தன் கத்தரி செய்த வேலையைச் சொல்லவில்லை.

"பதினொரு வருசமா நீங்கள்தான் அதைப் பூக்கவிடேல்லை!"

பொன்னம்பலம் எழும்பித் தன் புல்லுத்தரைக்குப் போய்விட்டார். ஒக்டோபரில் அவர் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவள் மண் கிண்டும் சவலை எடுத்து, கொடியைச் சுற்றி அரைவட்டமாகப் புல்லைப் பிளந்து வேரை அறுத்தாள். திரும்பி வந்தவர் மண் தெரிந்த அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. பசளைப் பையை அதற்குப் பிறகு அவர் தொடவுமில்லை. தன் பிழையை மறைத்திருந்தவளை அது இன்னும் அரித்தது.

அடுத்த ஏப்ரலில் பதினாலு மொட்டுகள் பருத்திருந்தன. அவள் நாளுக்கு இரண்டு தரம் போய் எண்ணினாள். பஸ்ஸில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருக்கும். மே நடுவில், குலைகள் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்த வேளை, விடிய உறைபனி விழும் என்று வானிலை அறிவிப்பு வந்தது. அன்றைக்கென்று அவளுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா ஓட்டம். வாகனத் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்குப் போன் அடித்தாள்.

"இஞ்சருங்கோ, நான் வர எட்டு மணியாகும். பழைய பெட்சீற்றை எடுத்துக் கொடியிலை போட ஏலுமோ?"

"இந்த முழங்கால் நோவோடை நான் ஏணியிலை ஏறுறதோ?" போனை வைத்துவிட்டார்.

வீடு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. பந்தல் முழுக்கப் பெட்சீற் மூடி, உடுப்புக் காயப்போடும் கிளிப் குத்தியிருந்தது. அதற்கு மேலே தார்ப்பாய். பொன்னம்பலம் படியில் குந்தியிருந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் பக்கத்தில் போய் இருந்தாள். "உங்கடை பசளை மட்டுமில்லை. நான் வெட்டினதும் பிழைதான். பனிக்கு முன்னம் வெட்டக்கூடாதாம்."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"அப்பவே நானும் போய் அன்புராசாவைக் கேட்டனான். மூண்டு நாள் கதைக்காமல் இருந்தது புல்லுக்காக எண்டு நினைச்சீரோ? நீரா எப்ப சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவள் எழும்பினாள். அவர் கையை நீட்ட, பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஓரக்கொப்பின் ஐந்து குலைகள் கருகின. ஒன்பது பூத்தன. ஆனால் அவள் பஸ்ஸிலிருந்து பார்த்த ஊதா இல்லை. பால் கலந்தது போல வெளிறிய நிறம். விதைக்கன்று தாயின் நிறத்திலேயே பூக்கும் என்று யாரும் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. பூத்த முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் வாசம் யன்னலால் வந்தது. வேலைக்குப் போகமுன் பந்தலுக்குக் கீழே நின்று தேத்தண்ணியை முழுவதும் குடித்தாள்.

ஜூலையில் தளிர்கள் மறுபடி வேலிப்பக்கம் பாய்ந்தன. யோகமலர் ஏணியில் ஏறி, ஒவ்வொன்றிலும் ஆறு இலை எண்ணி வெட்டினாள். பொன்னம்பலம் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஐந்தில் வெட்டிவிட்டாள் என்று கீழே நின்று சத்தம் போட்டார்.