காக்கநாடு வழியில் இல்லை

விலாசினி மாமி கொச்சிக்கு டிக்கெட் எடுக்க என் கடைக்கு வந்த அன்றே, இது நல்லபடியாக முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்துக் கொடுத்தேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் நான் ஓர் ஆன்லைன் கடை நடத்துகிறேன். ரயில் டிக்கெட், ஆதார் திருத்தம், கூரியர், எல்லாம் உண்டு. எங்கள் ஊரான கொல்லயிலில் மாமியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக மதியச் சாப்பாடு சமைக்கிறாள். இருநூறு பிள்ளைகளுக்குப் பொங்கிய கைக்கு இரண்டு பேருக்கு அளவு தெரியாமல் போய்விட்டது. வீட்டில் அவளும் அவள் கணவர் கிருஷ்ணன்குட்டி மாமனும் மட்டும்தான். ஆனாலும் குழம்பு அண்டாவில் கொதிக்கும். மிச்சத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வீடுவீடாகக் கொடுப்பாள். நல்ல மனசு. வாய் மட்டும் மனசை விட்டு நாலு அடி முன்னால் ஓடும்.

அந்த வாயால் வந்த வினைதான் எல்லாம்.

அவர்களுக்கு ஒரே மகன், அபிலாஷ். கொச்சியில் கம்ப்யூட்டர் வேலை, குடியிருப்பது அங்கே காக்கநாட்டில். மூன்று வருடத்துக்கு முன் திருச்சூர்க்காரி பிரசீதாவைக் கல்யாணம் செய்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்த சில நாளில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். பாத்திரமும் பலகாரமும் பழக்குலையும் கொண்டுவந்து, தங்கள் பெண் இனிமேல் புழங்கப்போகிற அடுக்களையைப் பார்த்து, சாப்பிட்டுப் போவார்கள். அடுக்களை காணல் என்று பெயர். யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. நாலாம் நாள் என்றால் நாலாம் நாள் வந்து நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்து கேட்டால்தான் கேவலம். சாமானுக்கு ஆசைப்பட்டதுபோல ஆகிவிடும்.

மாமி கேட்கவில்லை. அடுக்களைக்கு வெள்ளை அடித்தாள். நாலாம் நாள் அறுபது பேருக்குச் சமைத்தாள், பாயசம் மட்டும் மூன்று வகை. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தாயிற்று. பெண் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. மணி மூன்று ஆனது. சாம்பார் ஆறிப்போனது. வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதை நானே கண்டேன். மாமி நேராக உள்ளே போய் பிரசீதாவிடம் கேட்டாள். "ஏன் பெண்ணே, உனக்கு வீட்டில ஆளும் பேரும் ஒண்ணும் இல்லியா?"

அந்தப் பெண்ணின் அப்பா இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அண்ணன் தம்பியும் கிடையாது. மறுநாள் காலை அவளும் அபிலாஷும் கொச்சிக்குக் கிளம்பிவிட்டார்கள். அதன்பிறகு வரவே இல்லை. அபிலாஷ் மட்டும் மாதத்துக்கு இரண்டு தடவை ஆபீசிலிருந்து போன் செய்வான். குழந்தை பிறந்த செய்தி போனில் வந்தது. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டியதை மாமி அவனுடைய வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தாள்.

இதில் என் பங்கும் உண்டு. போன சித்திரையில் திருச்சூர்க்காரி ஒருத்தி என் கடைக்கு வந்தாள். பேச்சோடு பேச்சாக அவளிடம் அடுக்களை காணலைப் பற்றிக் கேட்டேன். அவள் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை மாமியிடம் போய்ச் சொன்னேன்.

மாமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பம் அவங்க வேணும்னு வராம இருக்கல்ல" என்றாள். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. நானாக்கும் செத்த தகப்பனைச் சொல்லிக் காட்டினவ."

"போன்ல மன்னிப்பு கேளுங்க மாமி."

"அவ எடுக்க மாட்டா. எடுத்தாலும் அது போன்ல சொல்லுத காரியம் இல்ல. அவளுக்க அடுக்களையில போய் நின்னு சொல்லணும்."

ஆனால் மகன் அழைக்காமல் எப்படிப் போவது? அதற்கு மாமி கண்டுபிடித்த வழிதான் கொச்சி சுற்றுலா. ஓணம் விடுமுறையில் மூன்று நாள் ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொல்வாள். இத்தனை தூரம் வந்தவர்களை அவன் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லாமலா இருப்பான்?

என்னிடம் இதை ஒப்புக்கொள்ளவும் அவளுக்கு வெட்கம். முதல்முறை போகிறோம், நாலு இடம் பார்க்க வேண்டும் என்றே ஆரம்பித்தாள். நான் ஒரு தாளில் எழுதினேன். முதல் நாள் ஃபோர்ட் கொச்சி, கடலோரத்தில் மீன் பிடிக்கும் சீன வலை. இரண்டாம் நாள் ஆலப்புழை போய்விட்டு வருவது. மூன்றாம் நாள் செறாய் கடற்கரை, சாயங்காலம் ரயில்.

"செறாய்க்குப் போற வழியில காக்கநாடு உண்டா ஷிஜா?"

"வழியில இல்ல மாமி. அது கிழக்கு, இது கடல்."

"ஆலப்புழை போற வழியில?"

"அதுக்கும் இல்ல."

மாமி கொஞ்சம் யோசித்தாள். "இந்த வாட்டர் மெட்ரோன்னு சொல்லுதாங்களே, அந்தப் படகில ஏறணும்னு எனக்கொரு ஆசை. வைற்றிலயில ஏறினா எங்க கொண்டு விடும்?"

காக்கநாட்டில்தான் விடும். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஊர் பார்க்க வந்தவர்கள் அந்தப் படகில் ஏற மாட்டார்கள், ஃபோர்ட் கொச்சிப் படகில்தான் ஏறுவார்கள் என்று சொன்னேன். "நாங்க ஏறுவோம்" என்றாள். மூன்றாம் நாள் காலையில் அதையும் எழுத வைத்தாள். பக்கத்தில் கிருஷ்ணன்குட்டி மாமன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மர அறுவை மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், பேச்சு குறைவு. "பத்து மைல் போனா பூவாறில கடல் உண்டு. அதையே நாம போய்ப் பாக்கல்ல" என்றார். அவ்வளவுதான்.

மாமி கடையில் இருந்தே மகனை அழைத்தாள். அவளுக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். மூன்று நாள் திட்டத்தையும் தாளைப் பார்த்து வரி வரியாக வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே நிறுத்தினாள். எதற்கு நிறுத்துகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரியாமல் இருக்காது.

"நல்ல பிளான் அம்மா" என்றான் அபிலாஷ். "மழை உண்டாவும், குடை எடுத்துக்கோங்க. படகுக்க டைம் நான் அனுப்பியேன்."

"நீ... அங்கதானே இருப்பே?"

"இங்கதான். பக்ஷே ஓணம் முடிஞ்சு ஆபீசில நல்ல திரக்கு அம்மா, நிக்க நேரமில்ல."

படகு நேரம் அஞ்சு நிமிடத்தில் வந்தது. மாமி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "வேலை திரக்கு அவனுக்கு" என்றாள். நான் கோபத்தில், போகாதீர்கள் என்றே சொன்னேன். "அம்மையும் அப்பனும் வாசல்ல வந்து நின்னா என்ன செய்வான்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் டிக்கெட்டை அச்சடித்துக் கொடுத்தேன். விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவள் மகனுக்கு நேந்திரங்காய் வறுத்த உப்பேரி அனுப்பும் கூரியர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும்.

புதுப் புட்டுக்குடம் ஒன்றும் அப்பச்சட்டி ஒன்றும் ஒரு பையில் கட்டினாள். பெண் வீட்டார் பார்க்காத அடுக்களையை மாப்பிள்ளையின் அம்மா போய்ப் பார்ப்பாளாம். உலகத்தில் எங்கும் இல்லாத வழக்கம். அந்தப் பையை மாமன் ஃபோர்ட் கொச்சி முழுக்கச் சுமந்தார், ஆலப்புழைக்கும் சுமந்தார். லாட்ஜில் வைத்துவிட்டுப் போனால் காணாமல் போய்விடும் என்று மாமிக்குப் பயம். சீன வலையின் முன்னால் இருவரும் எடுத்துக்கொண்ட படத்திலும் அந்தப் பை இருக்கிறது.

திரும்பி வந்த மறுநாள் மதியம் மாமி என் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவந்து கொடுத்தேன். அவளே சொன்னாள்.

"மூணாம் நாளு படகில போனோம். எறங்கி ஆட்டோ பிடிச்சோம். பெரிய பிளாட்டு மக்கா. கேட்டில ஒரு செக்யூரிட்டி. நல்ல மனுசன், அம்மான்னுதான் விளிச்சான். யாரைப் பாக்கணும்னு கேட்டான், சொன்னேன். எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தான். அது அவங்களுக்க போனுக்குப் போவுமாம். அவங்க சம்மதிச்சாத்தான் கேட்டு திறக்கணுமாம்."

"பின்னே?"

"நான் சேலையை நேராக்கி நின்னேன், போட்டோவில நல்லா தெரியணுமே. கொஞ்சம் கழிஞ்சு அவன் போனைப் பாத்தான். எனக்க மொகத்தைப் பாத்தான். 'அம்மா, வேண்டாம்னு வந்திருக்கு' ன்னு சொன்னான். இவரு சொன்னாரு, விரல் தெரியாம பட்டிருக்கும், இன்னொரு தடவ அனுப்பு தம்பின்னு. பாவம், அனுப்பினான். திரும்பவும் அதேதான்."

"பிரசீதாவாக்கும் அமுக்கியிருப்பா" என்றேன். அவளுக்கு ஆறுதலாக வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். யாருக்க போனுக்குப் போச்சுன்னு கேட்டேன். அபிலாஷ் சாருக்க நம்பர் மட்டும்தான் இதுல உண்டுன்னு சொன்னான்." தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. "இத்தன நாளும் அவளாக்கும் தடுக்கிறதுன்னு நெனச்சு இருந்தேன் மக்கா. அது ஒரு நிம்மதியாட்டு இருந்து."

பாத்திரத்தைத் தந்துவிட்டுப் போகலாம், பார்சல் மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று காவலாளி சொன்னானாம். மாமி தரவில்லை. இடம் மாறி வந்துவிட்டோம் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தார்களாம். ரயிலுக்கு இன்னும் ஆறு மணிநேரம் இருந்தது. செறாய்க்குப் போகவில்லை. ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் மாமியின் போன் அடித்தது. அபிலாஷ். மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, வந்து சேந்தாச்சா?"

"நேத்தே வந்தாச்சு மக்கா."

"டூர் எப்படி உண்டாயிருந்து?"

"நல்லாட்டு இருந்து. சீன வலை எல்லாம் பாத்தோம்."

பிறகு கேட்டான். "மூணாம் நாளு செறாய் போனீங்க, இல்லியா?"

மாமி என்னைப் பார்த்தாள். "போனோம்."

"பீச்சு எப்படி?"

"நல்ல கடலு மக்கா. கூட்டமே இல்ல."

"ஆங். செரி அம்மா. நான் பின்னே விளிக்கியேன்."

மாமி போனை மேசையில் வைத்தாள். நான் எதையாவது உடைக்க வேண்டும்போல உட்கார்ந்திருந்தேன். அவனைத் திட்டத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஷிஜா, அந்தச் செறாய் எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல காட்டு. அவன் இன்னும் ஏதாவது கேட்டா நான் தெரிஞ்சு வச்சிருக்கணும்."

நான் தேடி எடுத்துத் திரையை அவள் பக்கம் திருப்பினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாக நின்று நிதானமாகப் பார்த்தாள். மணல் வெள்ளையா கறுப்பா என்று என்னிடம் கேட்டாள்.