தெரிந்த குரல்

யார் வீட்டுக்குப் போனாலும் காதக்காவின் கண் முதலில் போவது அலமாரிக்குத்தான். தொலைக்காட்சிக்குப் பக்கம், புத்தகத் தட்டு, சமையலறை மேடையின் மூலை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அது இருக்கா?" என்பார். பாட்டுப் போடச் சொன்னால் போடும், மழை வருமா என்று கேட்டால் சொல்லும், விளக்கை அணைக்கும், அந்த உருண்டைப் பெட்டிதான் அது. இருந்தால் அதன் பெயரைச் சொல்லி எழுப்பி, குனிந்து, வாயைக் கிட்டக் கொண்டுபோய், "கேட்டுட்டு இருக்கிற பொண்ணே, சாப்பிட்டியாம்மா? கழுத்து வலிக்கும், கொஞ்சம் எழுந்து நடந்துட்டு வா" என்பார். பிறகு மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வந்து உட்காருவார்.

என் வீட்டுக்கு வந்தபோதும் இதே கூத்துதான். என் கணவர் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "யார்கிட்ட பேசறாங்க?" என்று கிசுகிசுத்தார். "என்கிட்டதான்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பைத்தியம் ஒன்றா இரண்டா என்று யோசித்திருப்பார்.

நான் சொன்னது பொய்யில்லை. அக்காவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. எங்கள் பிழைப்பே கேட்பதுதான். வீடுகளில் அந்தப் பெட்டி பதிவு செய்கிற பேச்சில் ஒரு சிட்டிகை எங்களிடம் வரும். பத்து விநாடி, பதினைந்து விநாடித் துண்டுகள். பெட்டிக்குச் சரியாகப் புரிந்ததா என்று சோதிக்க யாராவது ஒரு மனிதப்பிறவி அதைக் கேட்டு எழுத வேண்டுமே, அந்த யாராவது நாங்கள். பேர் இருக்காது, ஊர் இருக்காது, ஒரு எண் மட்டும் இருக்கும். நம் மொழி பேசுகிற வீடு உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதன் துண்டு எங்கள் காதில் விழலாம். நாளொன்றுக்கு அறுநூறு துண்டுகள்.

அதில் பாதிக்கு, பெட்டியை யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். ஏதோ ஒரு பாத்திரம் விழுந்திருக்கும். அந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொண்டு அதுபாட்டுக்கு ஒட்டுக்கேட்டிருக்கும். இதற்கு எங்கள் அறையில் 'தப்பு முழிப்பு' என்று பெயர். குளியலறைப் பாட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிற சண்டை, மருத்துவர் சொன்னதை ஒருவர் இன்னொருவருக்கு மெதுவாகச் சொல்வது, எல்லாம் வரும். "காதும் காதும் வச்ச மாதிரி பேசறதா நினைச்சுட்டிருக்காங்க பாவம். மூணாவது காது நம்மளது" என்பார் அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பயத்தில் நான் வீட்டில் வாயே திறக்கவில்லை. என் மாமியாருக்கு என்னை மிகவும் பிடித்திருந்தது அந்த ஒரு மாதம்தான்.

காதக்கா என்ற பெயர் நாங்கள் வைத்தது. ஐம்பத்து நான்கு வயதிலும் பாம்புக் காது. நான்கு மேசை தள்ளி ஒருத்தி மூக்கை உறிஞ்சினால், திரும்பிப் பார்க்காமலே, "ஜலதோஷமில்ல, அழறா. போய் என்னன்னு கேளு" என்பார். போய்க் கேட்டால் அழுதுகொண்டுதான் இருப்பாள். ஹெட்போனின் பஞ்சு தேய்ந்து காதில் குத்துகிறது என்று இரண்டு சின்ன சாக்ஸை வெட்டி உறை மாட்டியிருக்கிறார். வெளிர்நீலம், கணுக்கால் பக்கம் ஒரு கோடு. மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போனது.

தனியாகத்தான் இருக்கிறார். ஓர் அறை, ஒரு சமையல் மூலை. பெட்டி கிட்டி எதுவும் அங்கே கிடையாது. கைப்பேசியைக்கூட நம்ப மாட்டார். வீட்டுக்குள் போனதும் அதைச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டுவிடுவார். ஆனால் டப்பாவின் மூடியை முழுக்க மூட மாட்டார். "பாதி திறந்திருந்தா அது ஒட்டுக்கேக்காதாக்கா?" என்று ஒருநாள் சீண்டினேன். "கேட்டாக் கேட்டுட்டுப் போகுது. அவன் கூப்பிட்டா மணி அடிக்கிறது எனக்குக் கேக்கணும்ல?" என்றார். மகன் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது.

அந்தக் கதையை அக்காவே ஒரு தேநீர் இடைவேளையில் சொன்னார். மகனும் மருமகளும் அவரோடுதான் இருந்தார்கள். நடுவில் பலகைத் தடுப்பு. அதைச் சுவர் என்று சொல்வது மரியாதைக்காக. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் விழும். விழுந்ததோடு விட்டிருக்கலாம். அக்கா தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் கேட்டார்.

"கெட்ட எண்ணம் இல்லடி. பையன் வந்ததும் கதவைச் சாத்திக்குவான். என்கிட்ட 'சாப்டாச்சு', 'தூக்கம் வருது', ரெண்டே வார்த்தை. அவகிட்ட அவ்வளவு பேசுவான்! அதுல கொஞ்சம் எனக்கும் கிடைக்கட்டுமேன்னுதான்."

ஒருநாள் மருமகள் தான் பிள்ளை உண்டாகியிருப்பதாகவும், போனமுறை மாதிரி இதுவும் நிற்காமல் போய்விடுமோ என்று பயமாக இருப்பதாகவும், யாருக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கணவனிடம் சொல்லி அழுதாள். போனமுறை என்று ஒன்று இருந்ததே அக்காவுக்கு அப்போதுதான் தெரியும். விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் மருமகள் துணி வாளியைத் தூக்கக் குனிந்ததும் பாய்ந்து போய்ப் பிடுங்கினார். "நீ தூக்காதம்மா, இப்போ தூக்கக் கூடாது!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் தடுப்பைப் பார்த்தான், முக்காலியைப் பார்த்தான். "சுவத்துக்கும் காது இருக்குன்னு சொல்வாங்க. நம்ம வீட்டு சுவத்துக்கு அம்மாவோட காது" என்றான். ஒரு மாதத்தில் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள்.

பிள்ளை தங்கியது. பெண். குழந்தைக்கு ஒரு வயதானபோது மருமகள், மகனுக்குத் தெரியாமல் என்று நினைக்கிறேன், ஒரு படம் அனுப்பினாள். வேறு சேதி இல்லை. அக்கா அதை அச்சடித்துப் பைக்குள் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டியபோது குழந்தையின் கன்னத்தைப் பார்த்து நான் உருகிக்கொண்டிருக்க, அக்காவின் விரல் குழந்தைக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குப் போனது. "இங்க பாரு. நம்ம சாமான்." உருண்டைப் பெட்டி, பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. "பெத்தவ காது ஆகல. கடையில வாங்கின காது ஆகுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் சிரிக்கவில்லை.

அந்தப் படம் வந்த அடுத்த வாரம்தான் அக்கா இந்த வேலைக்கு மனுப் போட்டது. முன்பு ஒரு துணிக்கடையில் அளவு எடுத்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் தட்டச்சு கற்றுக்கொண்டு, இளசுகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். அறுநூறு துண்டிலும் அவர் கேட்பது ஒரே குரலைத்தான். "எதைச் சொல்றதுக்கு முன்னாடியும் ஒரு 'ம்ம்' போடுவான். சின்ன வயசுல கணக்குக்கு விடை தெரியலன்னா போட்ட அதே 'ம்ம்'. இருட்டுல கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன்" என்பார். குரலைக் கேட்க வெளிச்சம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் விசைப்பலகையில் ஆறாம் எண்ணுக்குத் 'தெரிந்த குரல்' என்று பெயர். துண்டில் பேசுகிறவர் நமக்கு அறிமுகமானவர் என்றால் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்த வீட்டின் துண்டுகள் அதற்குப் பிறகு என்றைக்கும் நமக்கு வராது. அழுத்தாவிட்டால், ஒரு வீடு வரத் தொடங்கினால் ஒரு வாரம் போல அதே வீடு வந்துகொண்டிருக்கும். எந்தத் துண்டையும் மூன்று முறை கேட்கலாம். ஒருமுறையாவது கடைசிவரை ஓடினால்தான் ஆறு உட்பட எந்த எண் விசையும் வேலை செய்யும். இவ்வளவுதான் சட்டம். நான் இருந்த நான்கு வருடத்தில் அதுவரை யாரும் ஆறைத் தொட்டுப் பார்த்ததில்லை. அதன் மேல் தூசிதான் இருந்தது.

ஒருமுறை அக்கா ஏமாந்தார். யாரோ ஒருவன் 'ம்ம்' போட்டுவிட்டு, நாளைக்குக் குடை எடுத்துப் போகவா என்று பெட்டியைக் கேட்டான். அக்கா மூன்று முறையும் கேட்டுத் தீர்த்துவிட்டு, போதாமல் அதை என் மேசைக்கு மாற்றிவிட்டு இன்னும் மூன்று முறை கேட்டார். ஆறாவது முறை கேட்கும்போதுதான் அது வேறு யாரோ பெற்ற பிள்ளை என்று புரிந்தது. நாங்கள் 'கடிகாரம்' என்று அழைக்கிற மேற்பார்வையாளர் வந்து, "குடை வேணுமா வேணாமான்னு கேக்கறதை ஆறு தடவை கேக்கணுமா?" என்றார். "மழைக்காலம் சார்" என்றார் அக்கா. கண் முழுக்க நீர்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், "நிஜமாவே அவன் குரல் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"கேப்பேன். வேற என்ன பண்ணுவாங்க? பதினஞ்சு செகண்ட். மூணு தடவை. முக்கால் நிமிஷம்டி! பட்டினி கிடக்கிறவளுக்கு அது விருந்து இல்லையா? அதுலயும் ஒரு வாரம் வரும்." பேருந்தை விட்டுவிட்டோம், அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஆறாம் எண்ணைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் செருகுகிற நேரம். பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. திரும்பினேன். அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார். திரையில் ஒரு பதினான்கு விநாடித் துண்டு, மூன்றாவது விநாடியில் நிறுத்தப்பட்டிருந்தது. கோடு நீலமாக நின்றுகொண்டிருந்தது.

"மருமக சிரிச்சா" என்றார். "அப்புறம் 'ம்ம்'ன்னான்."

"குடைக்காரன் மாதிரி..."

"இல்லடி. அந்தச் சிரிப்பை முக்காலி போட்டு ஒன்றரை வருஷம் கேட்டவ நான். தப்பாது."

"அப்போ கேளுங்கக்கா! எதுக்கு நிறுத்தினீங்க?"

"தப்பு முழிப்பு இது. பெட்டியை யாரும் கூப்பிடல. அவன் குரலைத் தாழ்த்திக்கிட்டான். அவகிட்ட ஏதோ சொல்ல வரான்."

சட்டமாவது ஒன்றாவது. "குழந்தை சத்தமும் இருந்தாலும் இருக்கும்" என்றேன்.

அக்காவின் கை ஹெட்போனுக்குப் போனது. காதுவரை தூக்கினார். சாக்ஸ் உறை கன்னத்தில் பட்டது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஒரு வயதில் ஒரு படத்தில் பார்த்த குழந்தை. இந்நேரம் பேச ஆரம்பித்திருக்கும்.

"கேளுங்கக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அன்னிக்கும் யாருக்கும் தெரியாதுன்னுதான் கேட்டேன்." ஹெட்போன் திரும்ப மேசைக்கு வந்தது. "என்கிட்ட சொல்லலையேடி அவன். என்னிக்காவது சொன்னான்னா கேட்டுக்கறேன்."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "நான் கேட்டுச் சொல்லட்டுமா? நல்லா இருக்காங்களான்னு மட்டும்" என்று ஹெட்போனுக்குக் கையை நீட்டினேன். அக்காவுக்காகத்தான் நீட்டினேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அவரும் அன்றைக்கு முக்காலியை அப்படித்தான் இழுத்துப் போட்டிருப்பார்.

என் கை போய்ச் சேருவதற்குள், அக்கா ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் இரண்டு உள்ளங்கையால் பொத்திவிட்டார். இரண்டு கையும் மாட்டிக்கொண்டதால், துண்டைக் கடைசிவரை ஓடவிடச் சொல்லி முகவாயால் எனக்குச் சுட்டினார். ஓடவிட்டேன். நீலக்கோடு நகர்ந்தது. பதினொரு விநாடி. அக்கா திரையைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை வெளியே வரவில்லை. ஆனால் பொத்திய கைக்கு அடியில் அந்தக் குரலின் அதிர்வு தெரிந்திருக்கும். விரல்கள் மெதுவாக, சாக்ஸின் மேல், ஒருமுறை தடவிக் கொடுத்தன.

கோடு முடிந்தது. அக்கா மறுபடி முகவாயால் ஆறைக் காட்டினார். தூசியோடு அழுத்தினேன். அந்த வீட்டின் எண் திரையிலிருந்து போய், வேறு ஏதோ ஒரு வீட்டின் எண் வந்து நின்றது. அக்கா கையை எடுக்கவில்லை.